இரு பத்திகளுக்கிடையே: ‘புளோரன்ஸ் சுவடி’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இத்தாலிய நாட்டின் புளோரன்ஸ் நகரில், மெடிச்சிக் குடும்பத்தினரின் பெயரோடு தொடர்புடைய லோரென்சியன் நூலகத்திலே, மூன்று தொகுதிகளாகக் கட்டப்பெற்ற கையெழுத்துச் சுவடியொன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றது. மெக்சிக்கோவில் எழுதப்பெற்ற அந்நூல், அடைக்கலம் புகுந்த ஊரின் பெயராலேயே ‘புளோரன்ஸ் சுவடி’ என இன்று வழங்குகின்றது. அதன் பக்கங்களிற் பெரும்பாலானவை இரு பத்திகளாகப் பகுக்கப்பட்டவை. வலப்புறப் பத்தியில் நஹுவாட்டில் மொழி உரோம எழுத்துக்களில் அமைந்துள்ளது. ஸ்பானியர் வருகைக்கு முன்னர் மெக்சிக்கோப் பள்ளத்தாக்கில் ஆட்சி செலுத்திய மெசிக்கரும் அவர்தம் அயலாரும் பேசிய மொழி அது. ‘அஸ்டெக்’ என்பது அம்மக்களுக்குப் பிற்காலத்தார் பரவலாக இட்ட பெயராகும். இடப்புறப் பத்தியிலே ஸ்பானிய உரை. வலப்புற உரை நீண்டும் இடப்புற உரை சுருங்கியும் செல்வதால் இடப்புறத்தில் வெற்றிடம் எஞ்சுகின்றது. அவ்விடத்தை ஓவியங்கள் நிரப்புகின்றன. பன்னிரண்டு நூல்கள், ஏறத்தாழ 2,500 ஓவியங்கள். தெய்வங்களிலும் விழாக்களிலும் தொடங்கி, நாட்கணிப்பு, நிமித்தம், சொல்வன்மை, வானியல், அரசர், வணிகர், கைவினைஞர், மக்களின் குணங்கள், விலங்கும் தாவரமும் எனப் பரந்து, 1521இல் நிகழ்ந்த நாட்டின் வீழ்ச்சியுடன் அது முடிவடைகின்றது.

இந்நூலைத் தொகுத்தவர் பேர்னார்டினோ டி சஹாகுன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி. 1499ஆம் ஆண்டளவில் ஸ்பெயினிற் பிறந்து, 1529இல் மெக்சிக்கோவை அடைந்து, 1590இல் அங்கேயே மறைந்தவர். ‘மானிடவியலின் முன்னோடி’ என்னும் பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டுள்ளது. மெக்சிக்க அறிஞரான மிகேல் லெயோன் போர்த்தில்யா 1999இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இப்பட்டம் இடம்பெறக் காணலாம். இப்புகழ்ச்சி ஆதாரமற்றதன்று. எனினும் அது ஒரு வினாவை மறைத்துவிடுகின்றது. இந்நூலின் ஆசிரியர் யார்? இடப்புறப் பத்தியை எழுதியவர் சஹாகுன் என்பதில் ஐயமில்லை. வலப்புறப் பத்திக்கு உரியவர் யாவர்? இவ்வினாவை எழுப்பாது நூலை வாசிப்பவர், ஸ்பானியப் பத்தியை நஹுவாட்டிற் பத்தியின் மொழிபெயர்ப்பு எனவே கொள்வர். உண்மையில் அது சிலவிடங்களிற் சுருக்கம்; சிலவிடங்களில் மௌனம்; சிலவிடங்களில் முற்றிலும் வேறொரு நூல். மெக்சிக்கோவின் வீழ்ச்சி பற்றி உலகெங்கும் பாடநூல்கள் திரும்பத் திரும்பக் கூறிவரும் கதையிற் பெரும்பகுதி இந்நூலை அடியாகக் கொண்டே எழுந்தது. ஆதலின் இவ்விரு பத்திகளுக்கும் இடையிலான உறவை அறிவது மொழியியலாரின் தனிப்பட்ட பொழுதுபோக்காக இருத்தல் இயலாது.

நூல் தோன்றிய சூழலை முதலிற் சுருக்கமாக நோக்கலாம். ஸ்பானியர் மெக்சிக்கோவைக் கைப்பற்றிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், 1536ஆம் ஆண்டு ஜனவரியில், ட்லட்டெலொல்கோவில் திருச்சிலுவைக் கல்லூரி திறக்கப்பட்டது. நஹுவாப் பிரபுக்களின் மைந்தருக்கு இலத்தீன், அணியியல், அளவையியல் ஆகியன அங்கு கற்பிக்கப்பட்டன. சஹாகுன் அக்கல்லூரியின் ஆசிரியர்களுள் ஒருவர். 1558இல் அவருடைய சபைத் தலைவர் பிரான்சிஸ்கோ டி தொரால், சமயப் பணிக்குப் பயன்படக்கூடியவற்றை நஹுவாட்டில் மொழியில் தொகுக்குமாறு பணித்தார். டெபெபுல்கோ என்னும் ஊரில் முதியோர் பத்துப் பன்னிருவரை அவர் அமர்த்தி வினாக்களைத் தொடுத்தார். அவர்கள் தமது பழைய மரபின்படி ஓவியங்களால் விடையளித்தனர். உடனிருந்த கல்லூரி மாணவர் அவ்வோவியங்களின் பொருளைக் கேட்டு எழுத்தில் வடித்தனர். பின்னர் ட்லட்டெலொல்கோவிலும் மெக்சிக்கோ நகரிலும் வேறு முதியோர் முன்னிலையில் அவை திருத்தப்பட்டு விரிவடைந்தன. நஹுவாட்டில் உரையின் செம்பிரதி 1569இல் நிறைவெய்தியது. ஸ்பானிய உரை அதன் பின்னரே, 1570களின் நடுப்பகுதியிலே இணைந்தது. ஆகவே காலத்தாலும் நஹுவாட்டிற் பத்தியே மூலமாகும்.

அம்மாணவர்களின் பெயர்களைச் சஹாகுன் மறைக்கவில்லை என்பதை அவருக்குச் சார்பாகக் கூறவேண்டும். அஸ்காபொற்சால்கோவின் அந்தோனியோ வலேரியானோ, குவௌட்டிட்லானின் அலொன்சோ வெகெரானோவும் பெட்ரோ டி சான் புவெனவெந்துராவும், ட்லட்டெலொல்கோவின் மார்ட்டின் ஜாக்கோபிட்டா என நால்வரைக் குறிப்பிடுகின்றார். எழுத்தாளராகப் பணியாற்றிய வேறு மூவரின் பெயர்களையும் தருகின்றார். மருத்துவப் பகுதிகளைச் சரிபார்த்த நஹுவா மருத்துவரின் பெயர்களும் வரிசையாக உள்ளன. ஓவியரின் பெயர்கள் மட்டும் இல்லை. நஹுவாட்டில் மொழியில் எழுதுதலுக்கும் வரைதலுக்கும் ஒரே வினைச்சொல். இரண்டையும் செய்பவன் ‘ட்லகுவிலோ’. எழுதியவனைப் பெயரிட்டு வரைந்தவனை விட்டுவிடுதல் ஐரோப்பியருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கலாம். அம்மக்களுக்கு அது விளங்காத பாகுபாடாகவே இருந்திருக்கும்.

சஹாகுனின் நோக்கம் ஆராய்ச்சி அன்று. நோயை அறியாத மருத்துவன் மருந்து கொடுத்தல் இயலாது என்னும் உவமையை அவரே தமது முன்னுரையிற் கையாளுகின்றார். நோய் என்று அவர் கருதியது அம்மக்களின் சமயத்தை. 1539இல் டெக்ஸ்கொக்கோவின் பிரபு டொன் கார்லொஸ் மீது சமய விசாரணை நடாத்தப்பட்டு அவர் கொல்லப்பட்டபோது, விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தோருள் சஹாகுனும் ஒருவர். அம்மொழியை அத்துணைத் துல்லியமாகக் கேட்கப் பழகிய செவி எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதை மானிடவியற் புகழுரைகள் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் இதனைக் கொண்டு அவரை வெறும் ஒற்றர் எனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. முன்னுரையில் அவர் கூறும் மற்றொரு நோக்கம் யாதெனில், கலெப்பீனோ இலத்தீனுக்கு ஆக்கிய பேரகராதி போன்று நஹுவாட்டில் மொழிக்கும் ஒன்று எழுவதற்குரிய சொற்களஞ்சியத்தைத் திரட்டுவதாகும். நோயைத் தேடிச் சென்றவர் மொழியின் வளத்தில் தம்மை இழந்தார் எனக் கூறின் மிகையாகாது. மருத்துவன் நோயாளியின் பேச்சழகைக் குறித்துக்கொள்ள முற்பட்டால் மருத்துவம் என்னவாகும்? நூலின் உள்முரண் இங்குதான் தொடங்குகின்றது.

அம்முரண் வெளிப்படையாகத் தெரியும் இடம் பத்தாம் நூலின் இருபத்தேழாம் அத்தியாயம். வலப்புறத்தில் மனித உடலுறுப்புக்களின் பெயர்கள் தோல் முதலாக எலும்பு வரை அடுக்கடுக்காகச் செல்கின்றன. அகராதிக்கென்றே தொகுக்கப்பட்ட பகுதி அது. இடப்புறத்தில் அவற்றின் மொழிபெயர்ப்பை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவர். சஹாகுன் அவ்விடத்தைத் தமது சொந்த அறிக்கையொன்றுக்கு ஒதுக்கிக்கொண்டார். கல்லூரியின் கதையையும், ஸ்பானிய ஆட்சியில் அம்மக்களின் பழைய ஒழுங்கு சிதைந்து குடிப்பழக்கம் பெருகியதையும், அப்பழைய ஒழுங்குக்குப் பதிலாகத் தம்மவரால் எதனையும் நிலைநாட்ட முடியாமற் போனதையும் அங்கு எழுதுகின்றார். உருவ வழிபாட்டோடு சேர்த்து நல்லாட்சியின் முறைகளையும் தாம் இடித்துவிட்டதை அவர் உணர்ந்திருந்தார் என்பது இப்பகுதியால் விளங்கும். வலப்புறத்தில் உயிருள்ள உடலின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லப்படுகையில், இடப்புறத்தில் ஒரு சமூகத்தின் உடல் குலைந்த செய்தி உரைக்கப்படுகின்றது. இது திட்டமிட்ட அமைப்பு எனக் கொள்ளச் சான்றில்லை. எழுதுவதற்கு இடம் கிடைத்தது, எழுதினார் என்பதே உண்மையாகலாம்.

பத்தாம் நூல் இன்னொரு வகையிலும் சுவையானது. ஒவ்வொரு தொழிலுக்கும் நல்லோன் ஒருவன், தீயோன் ஒருவன் என இருவரை நிறுத்தி வருணிப்பது அதன் முறை. கிறித்தவ அறநூல்களின் சாயல் இதிற் படிந்திருப்பினும் உள்ளடக்கம் சந்தையின் உள்ளடக்கமே. கொக்கோ விற்பவனை எடுத்துக்கொள்வோம். கொக்கோக் கொட்டை அந்நாட்டில் உண்பொருளாக மட்டுமன்றி நாணயமாகவும் வழங்கியது. தீய வணிகன் கொட்டையின் உள்ளீட்டை அகற்றிவிட்டு அதன் தோலினுள் கீரைவிதை மாவையோ மெழுகையோ வெண்ணெய்ப்பழ விதைத் துண்டையோ அடைத்து விற்பான் என நூல் விளக்குகின்றது. கள்ளநாணயம் அடிக்கும் முறையை இத்துணை நுட்பமாகக் கூறியவர் சந்தையில் ஏமாந்து அறிந்தவராகவோ, ஏமாற்றி அறிந்தவராகவோ இருத்தல் வேண்டும்!

இயற்கையைப் பற்றிய பதினொராம் நூலே பன்னிரண்டிலும் பெரியது. ஓவியங்களும் அதிலேயே மிகுதி. சமய விடயத்தில் எச்சரிக்கையோடு பேசவேண்டியிருந்த முதியோர் பறவையையும் மீனையும் பற்றிப் பேசுகையில் அச்சமின்றிப் பேசினர் என ஊகிக்க இடமுண்டு. அவர்தம் பழைய உலகநோக்கு தெய்வங்களைப் பற்றிய முதலாம் நூலைக் காட்டிலும் இங்குதான் சிதையாது கிடைக்கின்றது. சான்றாக ‘அட்டொட்டொலின்’ என்னும் பறவை பற்றிய பகுதியை நோக்கலாம். அது கூழைக்கடா இனத்தைச் சேர்ந்தது என்பர். ஏரியின் நீர்ப்பறவைகள் அனைத்துக்கும் அதுவே அரசன். ஏரியின் இதயமும் அதுவே. நடு ஏரியில் வாழும் அப்பறவையை வேட்டையாடச் செல்வோர் இரண்டு நாள், மூன்று நாள் எனத் தோணிகளிற் பின்தொடர்வர். நான்காம் நாள் கதிரவன் மறைவதற்குள் அதனை எய்து வீழ்த்தாவிடில், அது காற்றைக் கூவி அழைக்கும். அலை எழுந்து தோணிகள் கவிழும். அந்நாள் தமது இறுதிநாளாகலாம் என அறிந்தே வேடர் செல்வர். வீழ்த்தப்பட்ட பறவையின் இரைப்பையைப் பிளந்து பார்க்கும்போது பச்சை மணியோ அரிய இறகோ இருப்பின் வேடனுக்கு நற்பேறு. கரித்துண்டு இருப்பின் அவன் சாவான்.

இதனை மூடநம்பிக்கை எனக் கூறி அப்பாற் செல்லுதல் எளிது. ஆனால் அப்பகுதியைக் கூர்ந்து வாசிப்பவர், பறவை எந்தப் பருவத்தில் வருகின்றது, எங்கே தங்குகின்றது, அதன் தலையும் அலகும் சிறகும் எத்தகையன என்பனவும் அதே மூச்சிற் சொல்லப்பட்டிருப்பதைக் காண்பர். காட்சிக்கும் நம்பிக்கைக்கும் இடையே வேலி இல்லை. தேன்சிட்டு வகையான ‘ஹுயிற்சிலின்’ பற்றிய குறிப்பும் அவ்வாறானதே. மழையற்ற குளிர்காலத்தில் அப்பறவை மரத்தில் அலகைக் குத்தித் தொங்கி உலர்ந்துவிடும் எனவும், மழை தொடங்கியதும் உயிர்த்தெழும் எனவும் நூல் கூறுகின்றது. மரணமும் உயிர்த்தெழுதலும் பற்றிய கிறித்தவப் போதனை இதிற் கலந்திருக்கலாம். அதேவேளை இப்பறவையினம் குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி அசைவற்ற நிலையை அடைவது இன்றைய உயிரியல் அறிந்த உண்மை. கண்டவரே இதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். பிரபுக்களின் உணவாகக் குறிப்பிடப்படும் ‘அஹொலொட்ல்’ என்னும் நீர்வாழ் உயிரியும் இந்நூலில் இடம்பெறுகின்றது. வாழ்நாள் முழுவதும் செவுள்களோடு நீரிலேயே வாழும் அவ்வுயிரினம் இன்று சொச்சிமில்கோக் கால்வாய்களில் அழிவின் விளிம்பில் உள்ளது. 1607இல் தொடங்கிய வடிகால் வேலைகள், 1900இல் திறக்கப்பட்ட பெருங்கால்வாய் ஈறாக, அந்த ஏரிகளிற் பெரும்பகுதியை வற்றச் செய்துவிட்டன. அட்டொட்டொலின் இதயமாக இருந்த நீர்ப்பரப்பே இல்லாதொழிந்தது. எனவே பதினொராம் நூலைப் பழைய சமயத்துக்கான ஆவணமாக மட்டுமன்றி, மறைந்துபோன ஒரு நீர்நிலத்தின் ஆவணமாகவும் கொள்ளுதல் தகும்.

இந்த இயற்கை நூலினுள்ளும் சஹாகுனின் இடப்புறக் குரல் திடீரென ஒலிக்கின்றது. நீரையும் மலையையும் பற்றிப் பேசுமிடத்தில், டெபெயாக் குன்றில் முன்னர் ‘டொனான்ற்சின்’, அதாவது ‘எம் அன்னை’, எனப்பட்ட பெண்தெய்வத்துக்குக் கோயில் இருந்ததையும், அவ்விடத்தில் எழுந்த குவாதலூப்பே மாதா கோயிலுக்கு மக்கள் தூரத்திலிருந்தும் திரள்வதையும், மாதாவை அப்பழைய பெயராலேயே அழைப்பதையும் அவர் ஐயத்தோடு பதிவுசெய்கின்றார். பிற்காலத்தில் மெக்சிக்கத் தேசியத்தின் சின்னமாகவே மாறிய வழிபாட்டை ஆரம்பத்திலேயே ஐயுற்றவர் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பது பலர் அறியாதது. அவ்வையம் அவர் கண்களுக்குத் தவறாகத் தோன்றியதைக் காட்டுகின்றது. தமது அன்னையை அம்மக்கள் முற்றாக இழக்க மறுத்ததையும் அதுவே காட்டிக்கொடுக்கின்றது.

அதே பதினொராம் நூலில் 1576ஆம் ஆண்டின் கொள்ளைநோய் பற்றிய பகுதியும் உண்டு. சுவடி எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே அந்நோய் பரவியது. 1545இன் கொள்ளைநோயில் ட்லட்டெலொல்கோவிலே தாம் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைப் புதைத்ததாகவும், இறுதியில் தம்மையும் அந்நோய் பற்றியதாகவும் சஹாகுன் நினைவுகூர்கின்றார். முப்பது ஆண்டுகள் கழித்து அது மீண்டும் வந்தது. எழுத்தாளரும் ஓவியரும் நோயின் நடுவிலேயே பணியாற்றினர். இதன் தடயம் நூலின் ஏடுகளிலேயே உள்ளது என ஆய்வாளர் கருதுவர். பதினொராம் நூலில் ஓர் அத்தியாயம் வண்ணங்களையே விரித்துரைப்பது: சப்பாத்திக் கள்ளியில் வாழும் சிறு பூச்சியிலிருந்து பெறும் சிவப்பு, மலரிலிருந்து பெறும் மஞ்சள், நீலம், கரி எனச் செல்லும். இவ்வாறு வண்ணங்களை வகுத்துரைத்த நூலின் ஓவியங்களில் அதன்பின் வண்ணம் அருகிப் போகின்றது. பன்னிரண்டாம் நூலின் ஓவியங்கள் பெரும்பாலும் வெறுங் கோடுகளே. வண்ணம் வாங்கப் பொருளில்லையா, கொணர ஆளில்லையா, தீட்டக் கையில்லையா என நூல் எங்கும் கூறவில்லை.

அந்தப் பன்னிரண்டாம் நூலே விமர்சகரின் முழுக் கவனத்தையும் வேண்டி நிற்பது. ஸ்பானியர் கடற்கரையில் தோன்றியது முதல் 1521 ஆகஸ்ட் 13இல் நகர் வீழ்ந்தது வரையிலான வரலாற்றைத் தோற்றவர் தரப்பில் நின்று அது கூறுகின்றது. மொக்டெசூமாவின் தூதர் பொன்னைக் கையளிக்கும் இடத்தில் இரு பத்திகளும் பிரிந்து நிற்பது வெளிப்படை. ஸ்பானியர் மிக மகிழ்ந்தனர், பொன்னைப் பெரிதாக மதித்தனர் என்ற அளவில் இடப்புறம் அமைதி காண்கின்றது. வலப்புறமோ அவர்கள் குரங்குகளைப் போற் பொன்னைப் பற்றித் தூக்கினர் எனவும், பன்றிகளைப் போல் அதற்குப் பசித்தனர் எனவும் உவமிக்கின்றது. வெற்றி பெற்றோரைக் குறித்து, அவர்களின் பள்ளியிற் பயின்று, அவர்களின் எழுத்தில், அவர்களின் துறவியின் மேற்பார்வையில் எழுதப்பட்ட உவமைகள் இவை. நகருட் புகுந்த பின்னர் கருவூலத்தில் ஸ்பானியர் செய்ததையும் அந்நூல் விவரிக்கின்றது. கேடயங்களிலும் அணிகளிலும் இருந்த பொன்னைப் பிய்த்தெடுத்து உருக்கினர். எஞ்சிய இறகு வேலைப்பாடுகளைத் தீயிலிட்டனர். இறகுக் கலைஞரின் நுண்தொழிலை ஒன்பதாம் நூலில் வாசித்து வருபவருக்கே அத்தீயில் எரிந்தது என்னவென்பது புரியும். பொன்னைக் காட்டிலும் இறகையும் பச்சைமணியையும் உயர்ந்த செல்வமாகப் போற்றிய மக்களின் கண்ணால் அக்காட்சியைக் காணாதவர், அதனை வெறுங் கொள்ளை என்றே வாசிப்பர்.

இவற்றைக் கொண்டு வலப்புறப் பத்தியைத் தோற்ற மக்களின் கலப்பற்ற குரல் எனப் போற்றும் மனப்பாங்கு ஒன்று உண்டு. 1959இல் லெயோன் போர்த்தில்யா வெளியிட்ட ‘தோற்றோரின் நோக்கு’ என்னும் தொகுப்பு இந்நூற் பகுதிகளை உலகறியச் செய்தது. அத்தொகுப்பின் பணி பெரிது. ஆயினும் தோற்றோர் என ஒரே திரளாக யாரும் இருக்கவில்லை. பன்னிரண்டாம் நூலைச் சொன்னோர் ட்லட்டெலொல்கோவைச் சேர்ந்தோர். ஏரித்தீவில் டெனொச்டிட்லானுக்கு அயலிலிருந்து, 1473இல் அதனிடம் தோற்று அடங்கிய நகர் அது. மொக்டெசூமா டெனொச்டிட்லானின் மன்னன். அவன் நடுங்கியவனாகவும், உறக்கமற்றவனாகவும், தப்பியோட எண்ணியவனாகவும் சித்திரிக்கப்பட, இறுதி முற்றுகையின் வீரர்கள் ட்லட்டெலொல்கோவினராகவே தோன்றுவது தற்செயலாகுமா? பேரழிவின் நடுவிலும் அயலூர்ப் பகை எழுதுகோலை நடத்தியிருக்கின்றது.

இன்னும் ஆழமான சிக்கல், ஸ்பானியர் தெய்வங்களாகக் கருதப்பட்டனர் என்னும் கதை. கெற்சால்கோவாட்ல் என்னும் தெய்வம் திரும்பி வந்ததாக மொக்டெசூமா நம்பினான். எட்டு நிமித்தங்கள் அதற்கு முன்னரே அழிவை அறிவித்தன. நம்பிக்கையே அவன் கைகளைக் கட்டியது. இக்கதையைக் கேளாத மாணவர் அரியர். அதன் விரிவான வடிவம் இப்பன்னிரண்டாம் நூலிலேதான் உள்ளது. கோர்ட்டெஸ் 1520இல் தம் மன்னனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் தெய்வமாகக் கொள்ளப்பட்டதாகக் கூறவில்லை. அவ்வாறு நிகழ்ந்திருப்பின் அதனை மறைக்கக்கூடிய அடக்கம் அவருக்கு இருந்ததாக எவரும் கூறார்! எட்டு நிமித்தங்களும் ஜொசீபஸ், புளூட்டார்க் முதலியோர் எழுதிய நிமித்தங்களை ஒத்திருப்பதை வரலாற்றாசிரியர் பெலிப்பே பெர்னாண்டஸ் ஆர்மெஸ்தோ 1992இற் சுட்டிக்காட்டினார். இலத்தீன் கற்ற கல்லூரி மாணவருக்கு அந்நூல்கள் எட்டாதவையல்ல. தெய்வக் கதை பின்னெழுந்த கற்பனையே என்பதைக் கமில்லா டவுன்சென்ட் 2003இல் விரிவாக வாதிட்டார்.

அவ்வாறாயின் அம்மாணவர் பொய்யுரைத்தனரா? இங்கு விமர்சகர் நிதானித்தல் வேண்டும். 1550களில் எழுதத் தொடங்கிய அவர்களுக்கு முன்னே நின்றது தம் தந்தையரின் தோல்வி. உலகை ஆண்ட நகர், சில நூறு அந்நியரிடம் எவ்வாறு வீழ்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடும் தலைமுறை, நடந்ததற்கு ஓர் ஒழுங்கைத் தேடும். நிமித்தங்கள் இருந்திருப்பின் அழிவு விதிக்கப்பட்டதாகின்றது. ஒரு மன்னன் நடுங்கியிருப்பின் பழி ஒருவனைச் சார்கின்றது. பொருளற்ற அழிவைவிட இவையிரண்டும் தாங்கக்கூடியவை. ஆதலின் நிமித்தப் பகுதியை 1519ஆம் ஆண்டின் சான்றாக ஏற்றல் தவறு. 1550களின் சான்றாக ஏற்றலே முறை. தோல்வியை விளங்கிக்கொள்ள முயன்ற மைந்தரின் துயரம் அதிலே பதிவாகியுள்ளது. அத்துயரத்தின் விளைவை எடுத்து, ‘மூடநம்பிக்கையால் வீழ்ந்த மக்கள்’ என்னும் தீர்ப்பாக்கி அவர்கள்மீதே சுமத்தியது பிற்கால வரலாற்றெழுத்தாகும்.

அத்தீர்ப்பைப் பன்னிரண்டாம் நூலே மறுத்துரைப்பதுதான் வியப்பு. முதல் அத்தியாயங்களை விட்டு நகர்ந்து செல்லச் செல்ல நிமித்தமும் தெய்வமும் மறைகின்றன. 1520இல் டொஸ்கட்ல் விழாவில் ஆடிக்கொண்டிருந்த நிராயுதபாணிகளை அல்வராடோவின் படை வெட்டிச் சாய்த்ததும் மக்கள் ஆயுதம் ஏந்துகின்றனர். ஸ்பானியரை நகரைவிட்டே துரத்துகின்றனர். தெய்வங்களை எவரும் அவ்வாறு துரத்துவதில்லை. அதன்பின் வருகின்றது பெரியம்மை. அறுபது நாட்கள் அது நகரை வாட்டியதாக நூல் கூறுகின்றது. உடலெங்கும் கொப்புளங்கள் பரவிப் புரளவும் இயலாது கிடந்தனர். உணவு சமைத்துக் கொடுக்க எவருமின்றிப் பட்டினியாலும் பலர் மாண்டனர். ட்லஸ்கலா நாட்டவர் முதலிய பகைவரின் பெரும்படை, ஏரியில் மிதக்கவிடப்பட்ட பதின்மூன்று போர்க்கலங்கள், குடிநீர் துண்டிக்கப்பட்ட முற்றுகை, உப்புநீரும் பல்லியும் ஏரிப்புல்லும் உண்ட மக்கள் என வீழ்ச்சியின் காரணங்கள் பருப்பொருளாகவே அடுக்கப்படுகின்றன. மைந்தர் விளக்க முற்பட்ட இடத்தில் நிமித்தம் பேசுகின்றது. முற்றுகையை நேரிற் கண்ட முதியோர் பேசும் இடத்தில் பசியும் நோயும் பேசுகின்றன. ஒரே பத்தியினுள் இரு தலைமுறையினரின் குரல்கள் உள்ளன. இரண்டையும் பிரித்தறியாத வாசிப்பு, இடப்புறத்தை மட்டும் நம்பிய பழைய வாசிப்பைவிட மேலானதாகாது.

நூலின் பிற்கால வரலாறு கசப்பானது. 1570இல் சபைத் தலைமை, எழுத்தாளருக்குப் பணம் செலவிடுதல் வறுமை விரதத்துக்கு மாறானது எனக் கூறி உதவியை நிறுத்தியது. எழுபது வயதைக் கடந்த, கை நடுங்கும் முதியவர் தாமே எழுத இயலாதென்பதை நன்கறிந்தே அம்முடிவு எடுக்கப்பட்டது. 1575இல் மேற்பார்வையாளராக வந்த ரொட்ரிகோ டி செக்கேராவின் ஆதரவால் இருபத்திச் சுவடி உருப்பெற்றது. 1577 ஏப்ரலில் இரண்டாம் பிலிப்பு மன்னன், இந்தியரின் மூடநம்பிக்கைகளையும் பழைய வாழ்க்கை முறையையும் பற்றி எம்மொழியிலும் எவரும் எழுத இடமளியாது, சஹாகுனின் நூல்களைத் திரட்டி அனுப்புமாறு கட்டளையிட்டான். 1580இல் செக்கேராவோடு சுவடி ஐரோப்பா சென்றது. 1829இல் ஸ்பானியப் பத்தியே மெக்சிக்கோவில் முதலில் அச்சேறத் தொடங்கியது. நஹுவாட்டிற் பத்தி முழுமையாக ஆங்கிலத்தில் வெளிவர 1950 முதல் 1982 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்து அறிஞரிற் பலர் ஒரு பத்தியை மட்டும் படித்தே இரு பத்திகளுக்கும் தீர்ப்பு வழங்கினர்.

சஹாகுன் தாமும் பன்னிரண்டாம் நூலோடு அமைதி காணவில்லை. 1585இல் அதனை மீண்டும் எழுதினார். முன்னைய வடிவில் சேர்க்கத் தகாதன சேர்ந்ததாகவும் சொல்லவேண்டியன விடுபட்டதாகவும் காரணம் கூறினார். புதிய வடிவில் கோர்ட்டெஸ் உயர்ந்து நிற்கின்றார். அதனை அவர் மூன்று பத்திகளாக வகுத்திருந்தார்: முதலிற் பழைய நஹுவாட்டில் உரை, அடுத்துத் திருத்திய நஹுவாட்டில் உரை, மூன்றாவதாக ஸ்பானிய உரை. அவற்றுள் இன்று பிரதிகளிற் கிடைப்பது ஸ்பானிய உரை மட்டுமே.